மழை தின்ற சுவரும் தாளில் மிஞ்சிய நியோபேவும்

ரோம் நகரின் பழைய பகுதியில், நவோனா சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், வியா தெல்லா மாஸ்கெரா தோரோ என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. பொன் முகமூடித் தெரு என்று அர்த்தம். அந்தத் தெருவில் பலாட்சோ மிலேசி என்ற மாளிகை. அதன் முகப்பை அண்ணாந்து பார்த்தால் மங்கிப்போன ஓவியத் தடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அவை உருவங்கள். மற்றவர்களுக்கு அது பழைய வீட்டுச் சுவரில் படிந்த கறை.

ஆனால் 1520களின் நடுவில் அந்தச் சுவர் முழுக்க மனிதர்கள் இருந்தார்கள். பொலிதோரோ டா கரவாஜியோவும் அவருடைய கூட்டாளி மத்தூரினோவும் சேர்ந்து தீட்டிய, நியோபே என்ற புராண அரசியின் கதை வாசலுக்கு மேலே நீண்ட பட்டையாக ஓடியது. அதற்கும் மேலே ரோமானிய வரலாற்றுக் காட்சிகள், பொன் ஜாடிகள், போர்க் கவசங்கள். இன்று இவ்வளவு விவரமாக நமக்கு அது தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் சுவர் இல்லை. சுவரைப் பார்த்து வரைந்த கைகள். லண்டன், பாரிஸ், வியன்னா, புளோரன்ஸ் என்று பல ஊர் அருங்காட்சியகங்களின் தாள் அறைகளில் பொலிதோரோவின் சுவர்களைப் பார்த்து வரைந்த படிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை.

இந்த ஆய்வின் கேள்வி இதுதான்: அழிந்துபோன ஒரு சுவரை, அதைப் படியெடுத்தவர்களை நம்பி எவ்வளவு தூரம் மீட்கலாம்? யாரை எதற்கு நம்பலாம்?

எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நகல் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு இளக்காரம். அசலுக்குத்தான் மதிப்பு, படியெடுத்தவன் கையாலாகாதவன் என்ற எண்ணம். மிலேசி சுவர் விஷயத்தில் அசல் போய்விட்டது, படிதான் பேசுகிறது. அதை வரைந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

சாந்து சுமந்தவர்

பொலிதோரோ பிறந்தது சுமார் 1499இல், வடக்கு இத்தாலியில் கரவாஜியோ என்ற ஊரில். ஊர்ப் பெயரே ஓவியருக்கும் பெயரானது. உலகப் புகழ்பெற்ற இன்னொரு கரவாஜியோ 1571இல் பிறந்தவர். அவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் ரோமுக்கு வந்தது ஓவியராக இல்லை, கூலியாக. வத்திக்கானில் ரஃபேலின் குழு மாடத் தாழ்வாரங்களை அலங்கரித்துக்கொண்டிருந்த நேரம். கொத்தனார்களுக்குச் சாந்து சுமக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் நடந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். அந்த இடத்தில்தான் புளோரன்ஸ்காரரான மத்தூரினோவின் சிநேகமும் ஏற்பட்டது.

இருவரும் கையில் எடுத்தது வீட்டு முகப்புகளை. தெருவைப் பார்த்த வெளிச்சுவர் முழுக்க ஒற்றை வண்ணத்தில் ஓவியம். கருமையிலிருந்து வெண்மை வரை ஏறி இறங்கும் நிழலும் ஒளியும் மட்டுமே. தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் போலவும், வெண்கலத்தில் வார்த்தது போலவும் இருக்கும். ரோமில் எங்கு திரும்பினாலும் பழைய வெற்றி வளைவுகளும் தூண்களும் கல்லில் கதை சொல்லிக்கொண்டு நின்றன. அந்தக் கல்லின் பேச்சை இவர்கள் சுண்ணாம்புக்குக் கொண்டுவந்தார்கள். வேலை வேகமாக முடியும், செலவு குறைவு, வீட்டுக்காரருக்கு ரோமானியப் பெருமை கிடைக்கும். இவர்கள் கை படாத அரண்மனையோ தோட்டமோ ரோமில் இல்லை, எல்லாவற்றையும் சொன்னால் அதற்கே ஒரு தனி நூல் வேண்டும் என்கிறார் வசாரி.

இது நீண்ட நாள் நடக்கவில்லை. 1527 மே 6ஆம் தேதி பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமுக்குள் புகுந்து சூறையாடின. பொலிதோரோ நேப்பிள்ஸுக்குத் தப்பி, பிறகு சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். மத்தூரினோ கொள்ளைநோயில் இறந்ததாகச் சொல்கிறார்கள். 1535இல் அதே சார்லஸ் துனிசை வென்று மெசினாவுக்கு வந்தபோது அவரை வரவேற்கும் அலங்கார வளைவுகளை அமைத்தவர் பொலிதோரோ. யாருடைய படைக்குப் பயந்து ஓடினாரோ, அவருக்கே வளைவு. 1543இல் அவரிடம் வேலை செய்த ஒருவனே பணத்துக்காக அவரைக் கொன்றான். ரோமுக்கு அவர் திரும்பவே இல்லை.

சுவர்கள் மட்டும் ரோமிலேயே நின்றன. வெயிலிலும் மழையிலும்.

உள்ளே இருக்கும் சுவரோவியத்துக்குக் கூரை உண்டு. முகப்புக்கு அது இல்லை. ஈரச் சுண்ணாம்பில் தீட்டியது சுவரோடு சேர்ந்து இறுகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுண்ணாம்பே மழையில் கரைகிறது. அடியில் கரும்பூச்சும் மேலே வெள்ளைப் பூச்சும் பூசி, மேல்பூச்சைக் கூரிய இரும்பால் கீறி உருவம் எடுக்கிற முறையும் அன்று இருந்தது. அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். அப்புறம் மனிதர் செய்த வேலை: ஜன்னலைப் பெரிதாக்கினார்கள், மாடி எழுப்பினார்கள், வெள்ளையடித்தார்கள், தெரு அகலப்படுத்த வீட்டையே இடித்தார்கள். பியாட்சா தே ரிச்சியில் உள்ள ரிச்சி மாளிகை முகப்பு போல ஓரிரண்டு, பிற்காலத்தார் செப்பனிட்ட நிலையில் நிற்கின்றன.

சுவர்ப் பட்டையில் என்ன கதை

நியோபே கதையை ரோமானியக் கவி ஓவிட் 'உருமாற்றங்கள்' ஆறாம் காண்டத்தில் சொல்கிறார். நியோபே தீப்ஸ் நகரத்து அரசி. ஏழு மகன்கள், ஏழு மகள்கள். ஊர்ப் பெண்கள் லடோனா தெய்வத்தை வணங்கப் போனபோது அவள் தடுக்கிறாள். இரண்டே பிள்ளை பெற்ற லடோனாவை ஏன் கும்பிடுகிறீர்கள், என்னைக் கும்பிடுங்கள் என்கிறாள். லடோனாவின் அந்த இரண்டு பிள்ளைகள் அப்பல்லோவும் டயானாவும். மகன்கள் குதிரையேற்றமும் மல்யுத்தமும் பழகிக்கொண்டிருந்த மைதானத்தில் அம்புகள் பாய்கின்றன. அப்புறம் மகள்கள். கடைசி மகளைத் தன் ஆடைக்குள் மறைத்து, இந்த ஒருத்தியையாவது விட்டுவிடு என்று தாய் கெஞ்சும்போதே அவளும் சாய்கிறாள். நியோபே கல்லாகிப் போகிறாள். கல்லான பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

ஒரு வீட்டு வாசலுக்கு மேல் பதினான்கு பிள்ளைகள் சாகிற கதையைத் தீட்டச் சொன்னவர் மனம் எப்படிப்பட்டதோ. ஆனால் ஓவியருக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. ஓடுகிற உடல், விழுகிற உடல், மண்டியிட்ட உடல், காணிக்கை சுமந்து வரும் கூட்டம். எல்லாம் ஒரே பட்டையில் இடமிருந்து வலமாக அடுக்கலாம்.

இந்தச் சுவரைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று படம் இல்லை, சொல். வசாரியின் நூல் முதலில் 1550இலும் விரிவாக 1568இலும் வந்தது. மக்கள் நியோபேக்கு ஜாடிகளும் காணிக்கைகளும் கொண்டுவருவதையும், லடோனாவின் பழிவாங்கலையும், ஏழு மகன்களை அப்பல்லோவும் ஏழு மகள்களை டயானாவும் கொல்வதையும் சொல்லிவிட்டு, வெண்கலம் போலத் தோன்றும் உருவங்களையும் பொன் போலத் தோன்றும் ஜாடிகளையும் அவர் தனியாகக் குறிப்பிடுகிறார். இந்தக் கடைசி விவரம் விலை மதிப்பற்றது. ஏனென்றால் தாளில் உள்ள படிகள் பழுப்பு மையிலும் சாம்பல் பூச்சிலும் இருக்கின்றன. அவற்றை மட்டும் பார்த்தால் முழுச் சுவரும் ஒரே சாயலில் இருந்ததாக நினைத்துவிடுவோம். எது வெண்கலமாகத் தெரிந்தது, எது பொன்னாக மின்னியது என்பதைச் சொல்ல வார்த்தைதான் இருக்கிறது. வசாரியும் ஒரு படியெடுத்தவர்தான். அவருடைய தாளில் கோட்டுக்குப் பதில் வாக்கியம்.

ஏன் எல்லோரும் இதையே வரைந்தார்கள்

ரோமில் வரையப் பழகுகிறவர்கள் மற்ற எல்லாப் புது ஓவியங்களையும்விடப் பொலிதோரோ, மத்தூரினோ வேலைகளையே அதிகம் நாடினார்கள் என்று வசாரி எழுதுகிறார். காரணம் ஊகிக்கக் கூடியதே. ரஃபேலைப் பார்க்க வத்திக்கானுக்குள்ளோ செல்வர் வீட்டுக்குள்ளோ போக வேண்டும். அதற்குத் தெரிந்தவர் வேண்டும், அனுமதி வேண்டும். முகப்பு தெருவில் இருக்கிறது. காசில்லாத பையன் தாளை மடியில் வைத்துக்கொண்டு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். யாரும் விரட்டமாட்டார்கள்.

அப்படி உட்கார்ந்த ஒரு பையனைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். தாதேயோ சுக்காரோ, 1529இல் சாந்தாஞ்சலோ இன் வாதோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 14 வயதில் தனியாக ரோமுக்கு வந்தார். ஜொவான்னி பியேரோ கலப்ரேசே என்ற ஓவியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பட்ட பாட்டை வசாரி சொல்லும்போது வயிறு கலங்குகிறது. பையன் ரொட்டியை எடுத்துவிடக் கூடாது என்று கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு, கூடையில் மணிகள் கட்டி வைத்திருந்தார்களாம். கை பட்டால் மணி அடிக்கும். இரவும் பகலும் வண்ணம் அரைக்கிற வேலை. அந்த வீட்டில் ரஃபேலின் சில கோட்டோவியங்கள் இருந்தும் பையன் கண்ணில் காட்டவில்லை.

தாதேயோவின் தம்பி ஃபெடரிகோவும் பின்னாளில் பெரிய ஓவியரானார். அண்ணன் 1566இல், 37 வயதில், இறந்தார். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, 1595 வாக்கில், அண்ணனின் இளமையைத் தம்பி 20 கோட்டோவியங்களாக வரைந்தார். 1999 முதல் அவை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வரிசையை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. ஒன்றில் விளக்கில்லாத வீட்டில் நிலா வெளிச்சத்தில் பையன் வரைகிறான். ஒன்றில் பழைய சிலையைப் பார்த்து வரைகிறான். அதன் பின்னணியில் அதே பையன் பொலிதோரோவின் முகப்பு ஒன்றைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். இன்னொன்றில் அகோஸ்தீனோ கீஜி என்ற செல்வரின் மாளிகை மாடம், இன்று ஃபார்னேசினா என்கிறோமே அது. கூரையில் ரஃபேல் குழு தீட்டிய சைக்கி கதை. பையன் அதைப் படியெடுக்கிறான். அதே படத்தில் அங்கேயே தூங்கியும் போயிருக்கிறான். போக்கிடம் இல்லாத இரவுகளை அவன் அந்த மாடத்தில்தான் கழித்தான்.

இந்த வரிசையில் ஒரு காட்சி என்னை விடுவதே இல்லை. காய்ச்சலோடு ஊர் திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் பையன் தூங்கிவிடுகிறான். விழித்ததும் கரையில் கிடக்கும் கற்களில் எல்லாம் ஓவியம் தெரிகிறது: பொலிதோரோவின் முகப்புகள், ரஃபேலின் சுவர்கள். பொறுக்கிப் பொறுக்கி மூட்டை கட்டி, நோயுற்ற உடம்போடு வீடு வரை சுமந்து வருகிறான். எத்தனை முறை ஒரு சுவரைப் படியெடுத்திருந்தால் காய்ச்சலில் கல்லில்கூட அது தெரியும்!

அதே தாதேயோ 1548இல், 18 வயதில், மத்தேயி மாளிகையின் முகப்பை ஒற்றை வண்ணத்தில் தானே தீட்டினார். படியெடுத்த கை அடுத்த சுவருக்குப் போய்விட்டது. அந்தச் சுவரும் இன்று இல்லை.

மூன்று வகைச் சாட்சிகள்

படிகள் எல்லாம் ஒரே தரத்தவை இல்லை. யார், எதற்காக வரைந்தார் என்பதைப் பொறுத்துத்தான் அவற்றின் சாட்சியம்.

முதலில், பெயரில்லாத மாணவர்கள். பேனா, பழுப்பு மை, நீர்த்த மைப் பூச்சு, சில இடங்களில் வெள்ளைத் தீட்டு. இவர்களுக்குத் தேவை முழுச் சுவர் இல்லை. ஒரு முதுகு, ஒரு மடிப்பு, இரண்டு உருவங்கள் சேர்ந்து நிற்கும் விதம். ஜன்னல் எங்கே இருந்தது, பட்டை எங்கே முடிந்தது என்றெல்லாம் இவர்கள் கவலைப்படுவதில்லை. ஆனால் அழகுபடுத்தும் திறமை இல்லாத மாணவனின் படிதான் சில சமயம் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். புரியாததைப் புரியாதபடியே வரைந்து வைத்திருப்பான். அந்த விகாரம் ஒரு தடயம்.

இரண்டாவது, பெரிய ஓவியர்கள். இவர்களில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ரூபன்ஸ் தனி ரகம். 1600 முதல் 1608 வரை இத்தாலியில் இருந்தார். தான் வரைந்தது போக, பிறர் வரைந்த படிகளையும் வாங்கிச் சேர்த்தார். பொலிதோரோ படிகளும் அதில் உண்டு. வாங்கியதோடு விடாமல் அவற்றின் மேலேயே தூரிகை ஓட்டினார்: தட்டையாக இருந்த தோளுக்கு ஒளி ஏற்றுவார், மங்கிய முகத்தைத் திரும்ப எழுப்புவார். அந்தத் தாள்கள் பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை. ஆனால் சுவரைத் தேடுகிறவருக்கு ஆபத்தானவை. அடியில் இருக்கும் பலவீனமான கோடு சுவரைப் பார்த்தது; மேலே இருக்கும் உயிரோட்டம் ரூபன்ஸ் மனத்திலிருந்து வந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் சாட்சியாகக் கொள்ள முடியும்.

மூன்றாவது, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர்கள். இவர்கள் வேலை விற்பனைக்கு. ஆகவே முழுமையாக இருக்க வேண்டும், விரிசல் தெரியக் கூடாது. ஹாலந்தின் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1591இல் ரோமில் இருந்தார். சிறுவயதில் நெருப்பில் வெந்து முடங்கிய வலது கையோடு செதுக்கியவர் அவர். குயிரினால் குன்றுப் பக்கம் பொலிதோரோ தீட்டியிருந்த தெய்வ உருவங்களை வரைந்துகொண்டு போய், 1592இல் எட்டுத் தெய்வங்கள் என்ற வரிசையாக அச்சிட்டார். அந்த அச்சுகளில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். தசை மேடாகும் இடத்தில் கோடு தடிக்கிறது, விளிம்புக்குப் போகப் போக மெலிகிறது. பூசி வந்த நிழலை இவர் முழுக்கக் கோடாக மொழிபெயர்த்திருக்கிறார். தசையின் இந்தப் பிதுக்கம் பொலிதோரோவுடையதா, கோல்ட்சியஸுடையதா? அவர் தன் சொந்தக் கற்பனையில் செய்த அச்சுகளிலும் இதே பிதுக்கம் இருக்கிறது. ஆக, நிற்கும் விதத்தையும் கையில் உள்ள பொருளையும் நம்பலாம், தசையை நம்புவதற்கில்லை.

கெருபினோ அல்பெர்த்தி 1582இல் பொலிதோரோவின் ஜாடிகளைத் தனியே அச்சிட்டார். ஜாடி செய்கிற பொற்கொல்லர்கள் வரை அந்த வடிவங்கள் போயின. நியோபே பட்டைக்கு நமக்கு மிகவும் கைகொடுப்பவர் ஜொவான்னி பத்திஸ்தா கலெஸ்ட்ரூசி. 1650களில் அவர் அமிலம் கொண்டு அரித்த தகடுகளில் பட்டையைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதற்குள் சுவருக்கு வயது 130 ஆகிவிட்டது. அவர் பார்த்தது புதுச் சுவர் இல்லை. மங்கிய இடத்தை எப்படி நிரப்பினார் என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி.

பாடபேதம் பார்ப்பது போல

ஏடு பெயர்த்து எழுதிய காலத்துப் பாடபேதம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் ஒரே மூலம். ஓவியப் படிகளையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பத்துத் தாள்களில் ஒரு கை ஒரே மாதிரி தவறாக மடங்கியிருந்தால், பத்துப் பேரும் சுவரைப் பார்த்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒருவர் பார்த்திருக்கலாம், ஒன்பது பேர் அவர் தாளைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காலப் பட்டறைகளில் ஒரு நல்ல படி கிடைத்தால் அதை எல்லோரும் பார்த்து வரைவது வழக்கம். சுவர் மறைய மறைய, தாளைப் பார்த்து வரைந்த தாள்கள்தான் கூடின.

வலம் இடம் மாறுவதும் ஒரு துப்பு. தகட்டில் செதுக்கியது அச்சில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் முன்கூட்டியே திருப்பிச் செதுக்க வேண்டும். சிவப்புச் சுண்ணக் கோட்டோவியத்தின் மேல் ஈரத் தாளை வைத்து அழுத்தினாலும் திரும்பிய பிரதி ஒன்று கிடைக்கும். ஆகவே ஒரு கோட்டோவியம் அச்சுக்கு நேராக இருக்கிறதா, எதிராக இருக்கிறதா என்று பார்த்தாலே, அது சுவரிலிருந்து வந்ததா அச்சிலிருந்து வந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் இது வேலை செய்யாது. நியோபே போல வில் ஏந்தும் கதையில் எது வலக்கை எது இடக்கை என்பது உதவும்.

இதோடு, தாளின் நீர்க்குறி. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற அந்த அடையாளம் தாள் எந்தக் காலத்து ஆலையில் செய்தது என்று காட்டும். பொலிதோரோ இறந்து அரை நூற்றாண்டு கழித்துச் செய்த தாளில் அவர் கை இருக்க முடியாது. இதைச் சொல்லக் காரணம், இந்தப் படிகளில் எத்தனையோ தாள்கள் வெகுகாலம் பொலிதோரோவின் அசல் என்றே பெட்டிகளில் கிடந்தன. ஓரத்தில் பழைய சேகரிப்பாளர் யாரோ பொலிதோரோ என்று எழுதிவைத்தது போதுமானதாக இருந்தது. 1978இல் இத்தாலிய ஆய்வாளர் லான்பிராங்கோ ராவெல்லி, பொலிதோரோ வரைந்தவை ஒரு பக்கம், அவரைப் பார்த்துப் பிறர் வரைந்தவை ஒரு பக்கம் என்று பட்டியலிட்டார். நகல்களுக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கினாரே, அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. இந்தத் துறையில் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, இந்த முறைகள் சரியான விடை தருகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது? அசல் மிஞ்சிய இடம் ஒன்று வேண்டும். அதற்குத்தான் தெல் புஃபலோ தோட்ட மாளிகை இருக்கிறது. அதில் பொலிதோரோ பெர்சியஸ் கதையையும் அது சார்ந்த புராணக் காட்சிகளையும் தீட்டியிருந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த இடம் இடிபட்டபோது ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது அவை ரோமிலேயே பிராஸ்கி மாளிகையில் உள்ள நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிதைந்தவைதான், ஆனாலும் அசல். அந்தச் சுவர்களுக்கும் பழைய படிகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எப்படிப்பட்ட படி எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்று அளக்கலாம். மிலேசி சுவர் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

ஒன்பதடி உயரத்தில் ஒரு தாள்

படியெடுப்பவரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, கையை அழுக்காக்காமல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கலெஸ்ட்ரூசியின் நியோபே பட்டையில் காணிக்கை கொண்டுவரும் கூட்டத்தின் ஒரு துண்டைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து, மாடிப்படிச் சுவரில் ஒன்பதடி உயரத்தில் ஒட்டினேன். கீழே படியில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். தாள், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட். பழுப்பு மை, ஒரு தூரிகை, வெள்ளைக்குப் போஸ்டர் கலர்.

பிரவுன் ஷீட்டைத் தேர்ந்தது சும்மா இல்லை. அன்றைய படிகளில் கணிசமானவை சாயமிட்ட தாளிலோ நீலத் தாளிலோ வரைந்தவை. ஏன் என்று அப்போதுதான் கைக்குப் புரிந்தது. நடுச்சாயலைத் தாளே தந்துவிடுகிறது. இருட்டுக்கு மை, வெளிச்சத்துக்கு வெள்ளை, மீதியை அப்படியே விட்டுவிடலாம். ஒற்றை வண்ணச் சுவரும் அதே கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளையைத் தொட்டு ஒரு தோளில் வைத்தவுடன் அந்த ஆள் தாளிலிருந்து வெளியே வந்தார். இரண்டு மணி நேரத்தில் ஆறு உருவங்கள். வண்ண ஓவியமாக இருந்திருந்தால் ஒன்றுகூட முடிந்திருக்காது.

அப்புறம் அச்சைக் கீழே இறக்கி என் தாளோடு ஒப்பிட்டேன். தலைகள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகியிருந்தன, கால்கள் குட்டை. கீழேயிருந்து பார்த்ததால் மட்டும் வந்ததில்லை அது. முகத்தைப் பார்க்கிற ஆசை முகத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது. உருவங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடங்கள் சுருங்கியிருந்தன. வெற்றிடத்தை அளந்து வரைய எனக்குப் பொறுமை போதவில்லை. மிக முக்கியமானது ஒன்று: பின்வரிசையில் ஒரு கை, அச்சிலேயே தெளிவாக இல்லை. என் தாளில் அது தெளிவாக ஒரு ஜாடியைப் பிடித்திருந்தது. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஜாடி சுமக்கும் கூட்டத்தில் கை வெறுமனே இருக்காது என்று என் கையே முடிவு கட்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு பழைய தாள்களைப் பார்க்கும் விதம் எனக்கு மாறிப்போனது. மிலேசி பட்டையின் படிகளில் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும் இடங்களை, அதுவும் அச்சுக்கு முந்திய தாள்களில் பொருந்துபவற்றை, சுவரின் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறேன்: கூட்டத்தின் வரிசை, பெரிய அசைவுகள், யார் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறார் என்பது. உருவங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை எந்தப் படியை வைத்தும் உறுதி சொல்லமாட்டேன். முகபாவத்தை அறவே நம்பமாட்டேன். ஒவ்வொரு படியெடுத்தவரும் தான் அறிந்த துக்கத்தையே நியோபே முகத்தில் எழுதியிருப்பார். பின்வரிசையில் பளிச்சென்று தெளிவாக இருக்கும் எந்தப் பொருளையும் இருமுறை சந்தேகிப்பேன்.

அந்தப் பிரவுன் ஷீட்டைச் சுருட்டிப் பரணில் போடவில்லை. மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அச்சில் தெளிவில்லாமல் நானாக நிரப்பிய இடங்கள் நான்கைந்து உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் மெல்லிசாக ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் தேதியும் எழுதிவைத்திருக்கிறேன்.